கடைசி ஸ்டேஷன் திருகோணமலை: எங்கள் ரயில் பாதையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர், கூட வேலை செய்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து கோணேசரைக் கும்பிட வருகிறவர்கள் என்று பலர் இத்தனை வருடங்களில் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் ஊர்க்காரன் ஒருவனுடையவை. ஆங்காங்கே கொஞ்சம் ஊர்ப்பற்று தெரிந்தால் மன்னிக்கவும்.

திருகோணமலை ஒரு ரயில் ஊரா?

இல்லை. ரயில் ஊர் என்றால் பொல்கஹவெலயைச் சொல்லலாம், மாஹோவைச் சொல்லலாம். அங்கே ரயிலைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். திருகோணமலை கோயிலும் துறைமுகமும் வளர்த்த ஊர். சம்பந்தர் பதிகம் பாடி ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் இங்கே ரயில் வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் கடல்வழியாக வந்து போய், ஆங்கிலேயரும் வந்து குந்திய பிறகு, கடைசியாக வந்த விருந்தாளி அது.

ஆனால் அந்த விருந்தாளி வந்த வழியில் சில குட்டி ஊர்களை உண்டாக்கிவிட்டது. கல்லோயா சந்தி அப்படி ஒன்று. சீனன்குடா இன்னொன்று. ரயில் ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திருகோணமலைக்கு டிக்கெற் எடுத்துவிட்டு, வழியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் போதும்.

பாதை எப்போது போடப்பட்டது? ஏன் அவ்வளவு தாமதம்?

இலங்கையின் முதல் ரயில் ஓடியது 1864இல், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு. 1867இல் கண்டிக்குப் போய்விட்டது. 1905இல் காங்கேசன்துறை வரை போய்விட்டது. எங்கள் பக்கம் ரயில் வந்தது 1927இல். மட்டக்களப்புக்கு 1928இல். யாழ்ப்பாணத்தார் எங்களைவிட இருபத்திரண்டு வருடம் முந்தியவர்கள். இதைச் சொல்லி இன்றைக்கும் சீண்டுவார்கள்.

காரணம் எளியது. ஆங்கிலேயர் ரயில் விட்டது முதலில் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. மலையிலிருந்து சரக்கு கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான். கிழக்கில் அப்படி ஏற்றி அனுப்பப் பெரிய தோட்டம் எதுவும் இல்லை. இருந்தது காடு, பாழடைந்த குளங்கள், மலேரியா. உலகத்திலேயே பேர்போன இயற்கைத் துறைமுகம் ஒன்று இருந்தது, சரிதான். ஆனால் அது வியாபாரத் துறைமுகம் அல்ல, கடற்படைத் தளம். கப்பலில் வருகிறவர்களுக்குக் கப்பலே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

முதலாம் உலகப்போருக்குப் பிறகு கணக்கு மாறியது. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. எண்ணெயைச் சேமித்து வைக்க ஆழமான, காவலான இடம் வேண்டும். அந்த இடத்துக்கும் தலைநகருக்கும் தரைவழித் தொடர்பும் வேண்டும். இன்னொரு பக்கம், உலர்வலயக் குளங்களைத் திருத்திச் சனத்தைக் குடியேற்றும் எண்ணமும் அரசாங்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. ஆக, இந்தப் பாதைக்கு ஒரு கண் துறைமுகத்தில், மறு கண் காட்டில். நடுவில் இருந்த ஊர்ச்சனம் ஏறிக்கொண்டது தற்செயல்தான் என்பேன். பின்னாளில் துறைமுகக்காரர் போய்விட்டார்கள். தற்செயலாக ஏறியவர்கள்தான் இன்றும் டிக்கெற் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கொழும்பிலிருந்து பாதை எப்படி வருகிறது?

மொத்தம் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் புறப்பட்டு ராகம, பொல்கஹவெல, குருநாகல் வழியாக மாஹோ வரை யாழ்ப்பாண ரயிலும் எங்கள் ரயிலும் ஒரே தண்டவாளத்தில்தான் வரும். மாஹோவில் யாழ்ப்பாணத்தார் வடக்கே நேராகப் போக, நாங்கள் கிழக்கே திரும்பிவிடுவோம். கெக்கிராவ, பலுகஸ்வெவ, ஹபரணை என்று காட்டுக்குள் நுழைந்து கல்லோயா சந்தி. அங்கே மறுபடியும் பாதை கவட்டைக் கம்புபோலப் பிரியும். வலது கை மின்னேரியா, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக மட்டக்களப்புக்கு. இடது கை அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா, பிறகு திருகோணமலை. இந்த இடது கையின் நீளம் சுமார் 70 கிலோமீட்டர்.

முந்திய காலத்தில் கோட்டையிலிருந்து இரவு மெயில் ஒன்றாகத்தான் வரும். கல்லோயாவில் பெட்டிகளைக் கழற்றி, ஒரு பாதி மட்டக்களப்புக்கும் மறு பாதி எங்களுக்கும் என்று பிரிப்பார்கள். நடுச்சாமத்தில் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கும், இரும்போடு இரும்பு மோதும், குழந்தை ஒன்று வீரிட்டு அழும். தெரியாமல் மாறி ஏறி நித்திரை கொண்டவர் காலையில் கண்விழித்து, கோணேசர் கோயில் எங்கே என்று மட்டக்களப்பில் கேட்பார். இந்தக் கதையின் நாயகன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சித்தப்பாவாகவே இருப்பதால் எவ்வளவு உண்மை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கல்லோயாத் திட்டம் என்று படித்திருக்கிறோமே, அதுதானா இந்தக் கல்லோயா?

அல்ல. அது அம்பாறைப் பக்கம். 1949இல் தொடங்கிய பெரிய நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம். ரயில் சந்தியான கல்லோயா ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், வேறொரு சிற்றாற்றின் பெயரில் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு இங்கே வந்து அணைக்கட்டைத் தேடியவர்கள் உண்டு.

சந்தியில் பார்க்க என்ன இருக்கிறது? மேடை, சமிக்ஞைக் கம்பங்கள், ரயில் ஊழியர் குவாட்டர்ஸ், சில கடைகள், சுற்றிலும் காடு. நடுச்சாமத்தில் அங்கே கிடைக்கும் ஒரு தேத்தண்ணியின் ருசி மட்டும் வேறு எங்கும் கிடையாது. அந்த ருசியில் பாதி பசியும் பாதி குளிரும்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு நேரே ரயிலில் போக முடியாதா?

முடியாது. கவட்டைக் கம்பின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போக வேண்டுமென்றால் அடிக்கட்டைக்கு இறங்கித்தான் ஏற வேண்டும். கல்லோயா வரை திரும்பிப் போய், ரயில் மாறி, மறுபடி கிழக்கே வர வேண்டும். கரையோரமாக மூதூர், வாகரை வழியாகப் போகும் றோட்டில் பஸ் எடுத்தால் மூன்று மணித்தியாலத்தைச் சுற்றி வேலை முடியும். அந்தக் கரையோரப் பயணத்துக்கும் முன்பெல்லாம் ஆறு, களப்பு என்று தோணிகளில் ஏறி இறங்கவேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்து வாழ்க்கையே மாறிப்போனது. கிழக்கின் இரண்டு பெரிய தமிழ் பேசும் ஊர்களை இணைக்காமல், இரண்டையும் தனித்தனியே கொழும்போடு மட்டும் கட்டிய பாதை இது. யாருக்காகப் போட்டார்கள் என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஒற்றைத் தண்டவாளம்தானே? எதிரே ரயில் வந்தால்?

வராது. அதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது, எனக்கு இந்தப் பாதையில் ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் உள்ள தண்டவாளத்துக்கு ஓர் உலோகத் தட்டு உண்டு. டேப்லட் என்பார்கள். (இப்போதைய பிள்ளைகளுக்கு டேப்லட் என்றால் வேறு. விளக்கம் சொல்லவேண்டி வரும்.) அந்தத் தட்டு கையில் இல்லாமல் சாரதி அந்தத் துண்டுக்குள் ரயிலை விடக்கூடாது. இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரு பெட்டி போன்ற கருவி இருக்கும், இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டவை. இந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துக் கேட்க, அந்தப் பக்கத்தவர் சம்மதித்தால் மட்டும் ஒரு தட்டு வெளியே வரும். அது மறுமுனைக் கருவிக்குள் போய்ச் சேரும் வரை இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொண்டுவிடும், இன்னொரு தட்டு வராது. ஒரு தட்டு, ஒரு ரயில். இவ்வளவுதான் கணக்கு.

தட்டைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கோத்து வைத்திருப்பார்கள். ரயில் நிற்காமல் மெதுவாகக் கடக்கும்போது, மேடையில் ஒருவர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, இன்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு அதைத் தோளில் மாட்டிக்கொள்ளும். பழைய வளையம் மேடையில் விழும். சின்ன வயதில் சைக்கிள் டயரை வைத்து நாங்கள் இதை விளையாடியிருக்கிறோம். டயரைப் பிடிக்கத் தவறியவன் அன்றைக்கு இரண்டு ரயிலை மோதவிட்ட குற்றவாளி.

பாதையில் யானை வருமா?

யானை பாதைக்கு வருவதில்லை, பாதைதான் யானையின் காட்டுக்குள் போகிறது. ஹபரணை, கல்லோயா, மின்னேரியா எல்லாம் யானைக்காடு. வெயில் காலத்தில் மற்றக் குளங்கள் வற்ற, மின்னேரியாக் குளத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். அந்தக் குளங்களுக்கும் காட்டுக்கும் இடையில் நடக்கும் வழியைத் தண்டவாளம் குறுக்கே வெட்டுகிறது. இரவு ரயில் அங்கே வந்து சேர்வது நடுச்சாமத்தில், யானை நடமாடுவதும் அதே நேரத்தில்.

2025 பெப்ரவரி 20 அன்று விடியுமுன், மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் கல்லோயாவுக்கு அருகில் ஒரு யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. ரயிலும் தடம்புரண்டது. பயணிகள் தப்பினார்கள். இரவில் அந்தத் துண்டில் வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ரயில் பிந்துகிறது என்று முணுமுணுக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அரை மணித்தியாலம் பிந்தினால் நமக்கு என்ன கெட்டுப்போகிறது?

கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் இறங்க என்ன இருக்கிறது?

கந்தளாயில் குளம். குளம் என்று சொல்வதே அதைச் சின்னதாக்கிவிடும், கடல்போல இருக்கும். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியது, கோணேசர் கோயில் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டியது என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கிரபோதி கட்டியது என்பது சிங்கள வரலாற்று மரபு. யார் கட்டியிருந்தாலும் கட்டு பெரிது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் கட்டு உடைந்து, தூக்கத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சனத்தை வெள்ளம் கொண்டுபோனது. இன்றைக்கும் பலத்த மழை பெய்தால் கந்தளாய்க்காரர் முதலில் பார்ப்பது குளக்கட்டைத்தான்.

கந்தளாயில் ஒரு சீனித் தொழிற்சாலையும் இருந்தது. 1960இல், செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு தொடங்கியது. சுற்றிலும் கரும்புத் தோட்டம். 1990களில் மூடிவிட்டார்கள். திறக்கப்போகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்வார்கள்.

தம்பலகாமம் வயலூர். விடியற்காலை ரயில் அங்கே வரும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, நடுவில் கொக்குகள், தூரத்தில் ஆதிகோணநாயகர் கோயில் கோபுரம். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். அப்போது காப்பாற்றிக் கொண்டுவந்த திருவுருவங்களுக்கு எழுப்பிய கோயில் இது. தயிருக்கும் தம்பலகாமம் பேர்போனது. சட்டியோடு வாங்குங்கள், பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம்.

இந்த 70 கிலோமீட்டரில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அக்போபுரவில் ஏறுகிறவர் சிங்களத்தில் கதைப்பார். முள்ளிப்பொத்தானையில் ஏறுகிறவர் முஸ்லிம் தமிழில், தம்பலகாமத்தில் ஏறுகிறவர் எங்கள் தமிழில். கந்தளாயில் மூன்றும் கலந்து ஏறும். மாவட்டத்தின் சனத்தொகைக் கணக்கைப் புத்தகத்தில் பார்க்கத் தேவையில்லை, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் போதும். ஜன்னலை மூடுவதா திறப்பதா என்ற சண்டை மட்டும் மூன்று மொழியிலும் ஒன்றுதான்.

சீனன்குடாவைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்? சின்ன ஸ்டேஷன்தானே?

சின்ன ஸ்டேஷன்தான். ஆனால் இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டதோ அது முழுக்க அங்கேதான் கிடக்கிறது. திருகோணமலைக்கு முந்திய நிறுத்தம். உள்துறைமுகத்தின் கரை. மேடையில் இறங்கி நாலு பக்கமும் பார்த்தால், ஒரு நூற்றாண்டுச் சரித்திரத்தை ஒரே இடத்தில் குவித்து வைத்ததுபோல இருக்கும்.

முதலில் எண்ணெய்த் தாங்கிகள். 1930களில் ஆங்கிலேயர் காட்டுக்குள் வரிசை வரிசையாகக் கட்டிய இரும்புத் தாங்கிகள். இன்று கணக்கில் இருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் தொன் எண்ணெய் கொள்ளும். கடற்கரைப் பக்கம் இருப்பது கீழ்த்தொகுதி, காட்டுக்குள் இருப்பது மேல்தொகுதி. மேல்தொகுதித் தாங்கிகளில் பல மரமும் கொடியும் ஏறி, தூரத்திலிருந்து பார்த்தால் பழைய பௌத்த தாதுகோபங்களோ என்று நினைக்கவைக்கும்.

1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. நாலு நாள் முன்புதான் கொழும்பைத் தாக்கியிருந்தன. துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டன. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேலேயே விழுந்தது. தாங்கி நாட்கணக்கில் எரிந்ததாம். வெப்பத்தில் உருகிச் சுருண்ட அந்த இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. திருகோணமலையிலிருந்து தப்பி வெளியே போன கப்பல் அது. என் அப்பம்மா அந்த நாளை "குண்டு போட்ட சித்திரை" என்பார். வருடம் கேட்டால் தெரியாது. வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தம்பலகாமத்து உறவினர் வீட்டுக்கு ஓடியதும், புதுவருடத்துக்கு வாங்கிய சீலை தவறிப்போனதும் மட்டும் நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு போர் முடியும் வரை சீனன்குடா ஒரு பெரிய முகாம். ஆங்கிலேயரின் கிழக்குக் கடற்படை இங்கிருந்துதான் 1944இல் சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கப் புறப்பட்டது. போர் முடிந்தது. சுதந்திரம் வந்தது. 1957இல் பண்டாரநாயக்க அரசாங்கம் கடற்படைத் தளத்தை ஆங்கிலேயரிடமிருந்து எடுத்துக்கொண்டது. நாட்டுக்குப் பெருமையான காரியம். ஆனால் டொக்யார்ட்டில் வேலை செய்து பிழைத்த குடும்பங்களுக்கு அது வேறொரு கணக்கு. வெள்ளைக்காரன் போனபின் மாதச் சம்பளமும் போனது என்று பழையவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பிறகு வந்தவை ஆலைகள். 1980இல் பிரிமா மா ஆலை. கோதுமை கப்பலில் வந்து இறங்கி, மாவாகி, றோட்டிலும் ரயிலிலும் நாடெங்கும் போனது. அடுத்து டோக்கியோ சீமெந்து ஆலை. விமானத் தளம் இன்று விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி. எண்ணெய்த் தாங்கிகளின் கீழ்த்தொகுதி 2003 முதல் இந்தியன் ஓயில் கம்பனியின் இலங்கை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யிடம் இருக்கிறது. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தத்தில் தாங்கிகளைப் பங்கிட்டார்கள்: 14 ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதைப் பற்றி நாட்டில் ஆளுக்கொரு கருத்து. பத்திரிகைகளில் எழுதுகிற பலர் அந்தத் தாங்கிகளைக் கண்ணால் கண்டதில்லை என்பது மட்டும் என் கருத்து.

இவ்வளவுக்கும் நடுவில் ஸ்டேஷன் மேடையில் ஒரு நாய் படுத்திருக்கும். ரயில் வந்தால் எழும்பாது.

"புகையிரதம்" என்கிறீர்கள், "கோச்சி" என்கிறீர்கள். எது சரி?

பலகையில் எழுதியிருப்பது புகையிரத நிலையம். அரசாங்கத் தமிழ் அது. எங்கள் பாட்டிமார் சொன்னது கோச்சி. ஆங்கிலக் கோச்சிலிருந்து வந்த சொல். சிங்களத்திலும் கோச்சிய என்றே பேச்சில் சொல்வார்கள். அதனால் கோச்சி எத்தனை மணிக்கு என்று எந்த மொழிக்காரரிடமும் கேட்கலாம். இளசுகளுக்கு ட்ரெயின். நான் எழுதும்போது ரயில், பேசும்போது கோச்சி. புகை விடும் இன்ஜின் போய் எவ்வளவோ காலமாயிற்று, பெயரில் மட்டும் புகை போகவில்லை.

இன்னொன்று: தூரத்தை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்றால் பழைய மைல்கல். "அஞ்சாங்கட்டையில் இறக்கிவிடுங்கோ" என்று ஓட்டோக்காரரிடம் சொன்னால் மரக்கட்டையைத் தேடமாட்டார்.

இணையத்தில் "திருமலை ரயில்" என்று தேடினால் வேறு ஏதோ வருகிறதே?

திருப்பதி வந்து நிற்கும். ஊரை நாங்கள் செல்லமாகத் திருமலை என்கிறோம், ஏழுமலையான் எங்களுக்கு முன்பே அந்தப் பெயரைப் பதிந்துவிட்டார். திருகோணமலை என்று முழுதாக எழுதுங்கள். "க்" போட்டுத் திருக்கோணமலை என்றுதான் எழுத வேண்டும் என்போரும் உண்டு. இரண்டையும் தேடிப் பாருங்கள்.

போர்க்காலத்தில் ரயில் ஓடியதா?

ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. எந்த நாளில் நிற்கும் என்று காலையில்தான் தெரியும். ஸ்டேஷனில் வரிசை, அடையாள அட்டை, பொதியைத் திறந்து காட்டு, மூடு, அடுத்த இடத்தில் மறுபடி திற. கொழும்புக்குப் பரீட்சைக்கு, நேர்முகத் தேர்வுக்கு என்று போன ஒரு தலைமுறைக்கு ரயில் பயணம் என்றால் இன்னும் அதுதான் நினைவு. நான் ஒரு தடவை அம்மா கட்டிக்கொடுத்த புட்டுப் பார்சலை நாலு இடத்தில் அவிழ்த்துக் காட்டி, கடைசியில் சாப்பிடவே மனம் வராமல் பக்கத்துச் சீட்டுக் கிழவருக்குக் கொடுத்தேன். அவர் அதை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை.

இரவு ரயிலா, பஸ்ஸா?

அவசரம் என்றால் பஸ். றோட்டில் சுமார் 260 கிலோமீட்டர், ஆறு ஏழு மணித்தியாலம். ரயில் இதைவிட நேரம் எடுக்கும். ஆனால் கால் நீட்டலாம், எழும்பி நடக்கலாம், கழிவறை உண்டு. (அதன் சுத்தத்துக்கு நான் பொறுப்பல்ல.) இரவு மெயிலில் கோட்டையில் ஏறினால் விடியும் நேரம் இங்கே. முதலாம் வகுப்புப் படுக்கை, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று உண்டு. ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும். நீண்ட விடுமுறை, பங்குனித் திருவிழா, சிவராத்திரிக் காலங்களில் அன்றைக்கே முடிந்துவிடும். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் மணியை இங்கே எழுதவில்லை, புறப்படுமுன் ஸ்டேஷனில் கேளுங்கள்.

போகும்போது இரவு ரயில், திரும்பும்போது பகல் பயணம் என்று வைத்துக்கொள்வது என் யோசனை. பகலில் கல்லோயா வரை ஓடும் சின்ன ரயில் கிடைத்தால் விடாதீர்கள். இறால் வடைக்காரர் வரும்போது சில்லறை கையில் இருக்கட்டும்.

ஸ்டேஷன் டவுனுக்குள் இருக்கிறதா?

டவுனின் வடமேற்கு ஓரம். கடற்காற்று படும் தூரம். வேடிக்கை என்னவென்றால், துறைமுகத்தை நம்பி வந்த பாதை கடைசியில் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறுபக்கத்துத் திறந்த கடலைப் பார்த்து முடிகிறது. தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு தடுப்புக்கட்டை. அதற்கப்பால் புல். பெரிய மண்டபம், கடைத்தொகுதி என்று எதிர்பார்க்க வேண்டாம். மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடக்கலாம், பொதி இருந்தால் ஓட்டோ.

விடியக்காலையில் இறங்கினால் எங்கே போவது? எல்லாம் பூட்டியிருக்காதா?

பூட்டியிருக்கும், அதுதான் நல்லது. ஓட்டோக்காரர் உடனே கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி, புறாமலை என்று நாள் முழுக்கத் திட்டம் சொல்வார். எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில், கோயில் கல்லில் போர்த்துக்கேயர் கட்டினார்கள் என்றேனே, அந்தக் கோட்டைக்குப் போங்கள். வாசலைத் தாண்டியதும் மரத்தடிகளில் மான்கள் படுத்திருக்கும், சில டவுன் வரை வந்து மதிலில் ஒட்டிய காகிதத்தைத் தின்னும். பையில் வாழைப்பழம் இருந்தால் கவனம். மேலே சுவாமி மலையில் காலைப் பூசை மணி கேட்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கோயிலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கீழே நேர்செங்குத்தான பாறை, கடலிலிருந்து சூரியன் ஏறிக்கொண்டிருக்கும்.

அப்புறம் இறங்கி வந்து சந்தைப் பக்கம் ஒரு கடையில் இடியப்பம், சொதி, சம்பல். பால் தேத்தண்ணிக்குச் சீனி குறைவாகப் போடச் சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டார்கள்.